முகம் நிக்கணும், கல்யாணம் நிக்கக் கூடாது

புதுசா இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்க எல்லாரும் எங்கிட்ட மொதல்ல கேக்கறது ஒரே கேள்விதான். "அக்கா, சாயங்காலம் வரைக்கும் எப்படி நிக்க வெக்கறது?" கேளுங்க, தப்பில்ல. கல்யாணப் பொண்ணோட அம்மாவும் அதத்தான் கேப்பாங்க. இப்ப உங்க பையில அதுக்குன்னே ஒரு பாட்டில் கீது, புஸ்ஸுன்னு அடிச்சா நிக்குது. நா அத கொற சொல்ல வரல. எனக்கு அப்ப அது கெடைச்சிருந்தா கும்புட்டு வாங்கியிருப்பேன். ஆனா காலையில போட்ட மேக்கப்பு கொஞ்சமும் அசையாம நின்னு, அதனாலயே ஒரு கல்யாணம் முறிய இருந்த கதை ஒண்ணு எங்கிட்ட கீது. அத மொதல்ல கேளுங்க. அப்பால பாட்டில தொறங்க.

நா எந்த பார்லர்லயும் கத்துக்கல. உத்திரமேரூர் பஜார்ல எங்க வூட்டுக்காரருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்துச்சு. எழுபதுகளோட கடைசின்னு வெச்சுக்கங்க. மாப்பிள்ளை வூட்டுக்கு அனுப்பறதுக்கு போட்டோ எடுக்க வர்ற பொண்ணுங்களுக்கு பவுடர் ஒத்தி, மை தீட்டி, பொட்ட நடுவுல வெச்சு ஒக்கார வெக்கறது என் வேல. ஸ்டுடியோவுக்குள்ள அது நிக்க வேண்டியது ஒரு நிமிஷம்தான். லைட்டு எரிஞ்சு அணையற வரைக்கும் நின்னா போதும். அப்பறம் ஒருத்தரு ரெண்டு பேரு "கல்யாணத்துக்கும் நீயே வந்து பண்ணேம்மா"ன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. மொத கல்யாணத்துலயே நா மண்ண கவ்வுனேன். பொண்ணு தலையில அவங்க அம்மா கால் பாட்டில் தேங்கா எண்ணெய தேச்சு வெச்சிருந்தாங்க. அந்த எண்ணெ நெத்தி வழியா எறங்கி வந்து, தாலி கட்டறதுக்குள்ள என் பவுடரெல்லாம் கழுத்துல கீது. அன்னிலேர்ந்து பொண்ணுக்கு மொத நாளே சீயக்கா போட்டு தலைக்கு ஊத்தச் சொல்லிடுவேன். எந்த அம்மா எவ்ளோ மொறச்சாலும் சரி.

இப்ப எங்க வூட்டுக்காரரு பென்சில பத்தி சொல்லணும், ஏன்னா கதையே அதுலதான் கீது. அப்பல்லாம் போட்டோ எடுத்ததும் நெகட்டிவ்வ ஒரு சாய்வு கண்ணாடி மேல வெச்சு, பின்னால வெளிச்சம் வுட்டு, ஊசி மாதிரி சீவுன பென்சிலால புள்ளி புள்ளியா தொடுவாங்க. பருவு, தழும்பு, கண்ணுக்கு கீழ கருப்பு, எல்லாம் காணாம போயிடும். இத யாரும் கேட்டு அவரு செய்யறதில்ல. டெய்லரு தைச்ச ஜாக்கெட்ல நூல நறுக்கிக் குடுக்கற மாதிரி, அது ஒரு மரியாதை. எங்க ஸ்டுடியோவுல போட்டோ எடுத்தவங்க யாருக்கும் மூஞ்சில ஒரு பள்ளம் இருந்ததில்ல. வாங்கிக்கினு போறவங்களும் சந்தோஷமாதான் போனாங்க.

வசந்தான்னு ஒரு பொண்ணு, சாலவாக்கம் பக்கத்துல ஒரு கிராமம். பயிர் வெக்கற குடும்பம். களத்துமேட்டு வூடுன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த வூட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு கூட்டா இருந்தாங்க. அண்ணன் பொண்ணு வசந்தா, தம்பிக்கும் அதே வயசுல ஒரு பொண்ணு. வசந்தாவுக்கு சின்ன வயசுல பெரியம்மை போட்டு, ரெண்டு கன்னத்துலயும் தழும்பு நல்லா ஆழமாவே இருந்துச்சு. அத அவ ஊர்ல யாரும் ஒரு கொறையா பேசனதில்ல. அப்பல்லாம் தெருவுக்கு நாலு பேருக்கு அது இருக்கும். மாப்பிள்ளையோட அம்மா நேர்ல வந்து பாத்து, பூ வெச்சுட்டு போனாங்க. அவங்களும் அதப்பத்தி வாயத் தொறக்கல.

ஆனா மாப்பிள்ளை மிலிட்டரில டிரைவரு, எங்கயோ வடக்க. அவருக்கு அனுப்பறதுக்கு எங்க ஸ்டுடியோவுலதான் போட்டோ எடுத்தாங்க. எங்க வூட்டுக்காரரு வழக்கம்போல உக்காந்து பென்சிலால தொட்டாரு. ரெண்டு கன்னமும் பளிங்கு மாதிரி வந்துச்சு. வூட்ல எல்லாரும் போட்டோவ கையில வாங்கி வாங்கி பாத்து, லட்சணமா கீறா லட்சணமா கீறான்னு சந்தோஷப்பட்டு அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளை கிட்டேர்ந்து 'சரி'ன்னு ஒரே வார்த்தையில பதில் வந்துச்சு. பத்திரிக்கை அடிச்சு ஊரெல்லாம் குடுத்தப்பறம்தான் வசந்தாவோட அப்பாவுக்கு பொறி தட்டியிருக்கு. மாப்பிள்ளை சரின்னது யாரப் பாத்து?

ஒரு நாள் மத்தியானம் அப்பாவும் பொண்ணும் பஸ் எறங்கி ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. அவரு தோள்ல கெடந்த துண்ட எடுத்து கையில சுத்திக்கினே பேசனாரு. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு மொத நாளுதான் வராரு. மிலிட்டரிக்காரங்க கோவக்காரங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க போல. ஏமாத்திட்டீங்களான்னு மணையிலேர்ந்து எழுந்துட்டா ஊர்ல தல காட்ட முடியாது. அதனால போட்டோல இருக்கற மூஞ்சி அன்னிக்கு பொழுதுக்கும் இருக்கணும். காலையில திருமுக்கூடல் கோயில்ல தாலி, அங்கேர்ந்து ஆத்த தாண்டி மாப்பிள்ளை வூடு, சாயங்காலம் அங்க பந்தல்ல எல்லாரும் பாக்க வருவாங்க. அது முடியற வரைக்கும்.

"மூஞ்சி நிக்கலன்னா கல்யாணம் நின்னுடும்மா" அப்படின்னாரு.

எனக்கு சிரிப்பு வந்துச்சு, அவரு மூஞ்சியப் பாத்து அடக்கிக்கினேன். வசந்தாவுக்கும் வந்துச்சு போல, அவ அடக்கல. அப்பா வெளிய பீடி பத்த வெக்க போனதும் எங்கிட்ட வந்து, "மறுநாள் காலையில நா மூஞ்சி கழுவுவேனே, அதுக்கு இன்னாக்கா பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. "மறுநாள் ஒம்பாடு, அன்னிக்கு என் பாடு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆனா அவ சிரிச்சுக்கினே கேட்டாலும் பயந்து போயிருந்தா. போட்டோவ மொதல்ல பாத்தப்ப அவளும் சந்தோஷப்பட்டாளாம். ரெண்டாவது தடவ பாத்தப்ப, 'இவளத்தான் அவருக்கு புடிச்சிருக்கு, என்ன இல்ல'ன்னு தோணிச்சாம். அத சொல்றப்ப அவ குரலு எறங்கிடுச்சு. எனக்கு பாவமா போச்சு.

சரி, எப்படி நிக்க வெக்கறது? பள்ளம் இருக்கற மூஞ்சியில தடிமனா பூசுனா வேர்வையில வெடிச்சு, இருக்கற பள்ளம் ரெண்டு மடங்கா தெரியும். நா கண்டுபிடிக்கறதுக்கு என் மூஞ்சியத்தான் எடுத்துக்கினேன். சினிமாக்காரங்க மூஞ்சிக்கு பூசற பான்கேக்கு, மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்தது ஒரு டப்பா இருந்துச்சு. காலையில வலது பக்கத்துக்கு ஷேவிங் கடையில வாங்கின படிகாரக் கல்ல தண்ணியில கலக்கி கழுவி, சோடா கடை ஐஸ்ஸ துணியில சுத்தி ஒத்தி, மெல்லிசா பான்கேக்க அழுத்தி அழுத்தி வெச்சேன். இடது பக்கத்துக்கு தனியா ஒண்ணும் பண்ணல. வழக்கம்போல ஸ்னோ கிரீம தேச்சு, அது மேல பான்கேக்க அப்பிட்டேன். அப்பறம் அதே மூஞ்சியோட தண்ணி எடுத்து, சோறாக்கி, பஜாருக்கு போயி, எல்லா வேலையும் பண்ணேன். பூக்காரம்மா என்னப் பாத்து, "இன்னாடி, பாதி மூஞ்சிய எங்க வெச்சிட்டு வந்த?"ன்னு கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு அன்னிக்கு என்கூட ரோட்ல நடக்கவே மாட்டேன்னுட்டாரு.

மத்தியானம் கண்ணாடியப் பாத்தா எனக்கே தல சுத்திச்சு. பாத்து பாத்து செஞ்ச வலது பக்கம் கலஞ்சு போயிருக்கு. ஏனோ தானோன்னு அப்புன இடது பக்கம் அப்படியே கீது. மறுநாளும் அதே மாதிரி. மூணாவது நாளு பக்கத்த மாத்தி செஞ்சு பாத்தேன். அப்பவும் வலது பக்கம்தான் போச்சு. படிகாரமும் இல்ல, ஐஸ்ஸும் இல்ல, வேற இன்னாவோ கீதுன்னு புரிஞ்சுச்சு. இன்னான்னுதான் புரியல.

பஸ் ஸ்டாண்டுக்கு போயி ஒரு ஓரமா ஒக்காந்து பொம்பளைங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். எதுக்கு வந்தேன்னு யாராச்சும் கேட்டா செங்கல்பட்டு பஸ்ஸுக்குன்னு சொல்லிக்கினேன், பஸ்ஸு பாட்டுக்கு வந்து வந்து போவுது. பாக்க பாக்கத்தான் தெரிஞ்சுச்சு. ஒருத்தியும் சும்மா இல்ல. வெயில்ல வந்தா முந்தானையால ஒரு இழுப்பு. யாராவது ஏதாவது சொன்னா வாய பொத்திக்கினு ஒரு சிரிப்பு, கைய எடுக்கறப்ப மூக்குக்கு கீழ ஒரு தொடப்பு. யோசிச்சா கன்னத்துல கை. எல்லாம் வலது கை. அவங்களுக்கே அது தெரியாது. எனக்கும் என் கை போறது தெரியாம இருந்திருக்கு. மூஞ்சிய அழிச்சது வேர்வை இல்ல, என் முந்தானைதான்.

அந்த வாரமே மாசி மாச கூத்துக்கு வேஷம் கட்ட வந்த ஒருத்தர ஸ்டுடியோவுல புடிச்சேன். விடிய விடிய ஆடறீங்களே, எப்படி நிக்குதுன்னு கேட்டேன். அவரு ஏதோ பச்சிலை ரகசியம் சொல்லப் போறாருன்னு நா காத்துக்கினு இருந்தா, "வேஷம் கட்டிட்டா மூஞ்சி நம்முளுது இல்லம்மா. அரிச்சாலும் சொறிய மாட்டோம், அவ்ளோதான்"னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டாரு. நா பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து கண்டுபிடிச்சத அவரு ஒரு டீக்கு முன்னாடி சொல்லிட்டாரு.

அதனால நா வசந்தாவோட மூஞ்சிக்கு பண்ணத விட கைக்குதான் அதிகம் பண்ணேன். நாலஞ்சு நாள் அவ வூட்டுக்கே போயி பூசி வுட்டு, தொடாம இருடின்னு பழக்குனேன். கொசு கடிச்சாக்கான்னு கேட்டா. கடிக்கட்டும்னேன். அழுகை வந்தாக்கான்னு கேட்டா. தலைய குனிஞ்சு அழு, கண்ணீரு நேரா மடியில விழணும்னேன். பழைய வேட்டித் துணிய சின்னதா கிழிச்சு கையில குடுத்து, தொடைக்கக் கூடாது ஒத்தணும்னு சொன்னேன். கல்யாணத்தன்னிக்கு முந்தானைய இடுப்புல இறுக்கி சொருகி, பின்னு போட்டு பூட்டிட்டேன். கை தேடினாலும் கெடைக்காது.

கல்யாணம் அன்னிக்கு நா மேக்கப்புக்காரியா இல்ல, வாட்ச்மேனா இருந்தேன். நம்ம பக்கத்து அத்தைமாருங்க சும்மாவா இருப்பாங்க? பொண்ண பாத்த ஒடனே ரெண்டு கன்னத்தையும் வழிச்சு நெட்டி முறிக்க வந்துடுவாங்க. வர்றவங்க கைய நடுவுலயே புடிச்சு, "எனக்கு முறிங்க, எனக்கு முறிங்க, எனக்குத்தான் கண்ணு பட்டிருக்கு"ன்னு என் கன்னத்துல வெச்சுக்குவேன். அவங்க சிரிச்சுட்டு போயிடுவாங்க. ஓமப் பொகையில எல்லாருக்கும் கண்ணு எரியுது, வசந்தா ஒத்தி ஒத்தி எடுக்கறா. வெயில் ஏற ஏற எனக்கு உள்ள ஒரே திருப்தி. மூஞ்சி அப்படியே நிக்குது. போட்டோல இருந்தவ மணையில ஒக்காந்துகினு இருக்கா.

மாப்பிள்ளைதான் சரியில்ல.

ஆளு நல்ல ஒசரம், கம்பீரமா இருந்தாரு. ஆனா வந்து ஒக்காந்ததும் வசந்தாவ ஒரு தடவ பாத்தாரு, அதோட சரி. மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்பறம் அவரு கண்ணு கூட்டத்துலயே சுத்துது. பொம்பளைங்க ஒக்காந்துகினு இருக்கற பக்கம் ஒவ்வொரு வரிசையா பாக்கறாரு. தூணுக்கு பின்னால யாராச்சும் வந்தா தலைய எட்டிப் பாக்கறாரு. தாலி கட்டறப்ப முடிச்ச மட்டும் பாத்து கட்டனாரு. எங்க வூட்டுக்காரரு கேமராவ வெச்சுக்கினு, மாப்ள பொண்ணப் பாருங்க, பொண்ணப் பாருங்கன்னு கெஞ்சறாரு, அவரு வசந்தா காதுக்கு பின்னால எங்கயோ பாக்கறாரு. எனக்கு பத்திக்கினு வந்துச்சு. ஒண்ணு, மேக்கப்ப கண்டுபுடிச்சிட்டாரு. இல்லன்னா வேற எவளோ மனசுல கீறா, அவள தேடறாரு. எது மெய்யா இருந்தாலும் வசந்தா கதி அதோகதிதான்னு நெனச்சேன். வசந்தாவும் பாத்துக்கினுதான் இருந்தா. எனக்கு தெரியும்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஆத்துல எறங்குனோம். பாலாறு மணலு, நடுவுல கணுக்கால் அளவு தண்ணி ஓடுது. டிராக்டர்ல பொண்ணு மாப்பிள்ளை, பின்னால நாங்க. அக்கரையில எறங்கி அவங்க வூட்டு வாசலுக்கு போனா, ஆரத்தி தட்டோட நாத்தனாரு நிக்கறாங்க. ஆரத்தி எடுத்து, நெத்தியில வெச்சு, பொண்ணு உள்ள காலெடுத்து வெக்கற நேரம், மாமியாரு ஒரு சொம்பு நிறைய தண்ணியோட வந்தாங்க.

"ஆத்து மணல்ல வந்திருக்கம்மா. கை காலு மூஞ்சி கழுவிக்கினு வந்து வெளக்கு ஏத்து."

பொண்ணுங்களா, நா வெயிலுக்கு யோசிச்சேன், பொகைக்கு யோசிச்சேன், எண்ணெய்க்கு, அழுகைக்கு, அத்தைங்க கைக்கு, எல்லாத்துக்கும் யோசிச்சேன். இந்த ஒரு சொம்பு தண்ணிய யோசிக்கல. நா கல்யாணம் ஆகி வந்தப்ப எனக்கும் இதே சொம்ப குடுத்தாங்க, நானும் கழுவிக்கினுதான் வெளக்கு ஏத்துனேன். நம்ம பக்கம் எந்த வூட்லதான் குடுக்கல? அப்படியிருந்தும் தோணல. வேலையில ரொம்ப மும்முரமா இருந்தா, வூட்ல தெனம் பாக்கறது கண்ணுல படாது.

நா முந்திக்கினு போயி, "அம்மா, போட்டோ பாக்கி கீது, அது ஆனப்பறம் கழுவட்டும்"னேன். எங்க வூட்டுக்காரரும் புரிஞ்சுக்கினு கேமராவ தூக்கிட்டாரு. மாமியாரு என்னப் பாத்து, "போட்டோ எங்க ஓடிடப் போவுது? மொதல்ல வெளக்கு"ன்னாங்க. அதட்டல, சாதாரணமாதான் சொன்னாங்க. இன்னும் ஒரு வார்த்தை நா பேசியிருக்கலாம். பொண்ணுக்கு ஜலதோஷம், தண்ணி ஆகாதுன்னு சொல்லலாம். நாக்கு நுனியில வந்துடுச்சு. ஆனா அடுத்தது இன்னா? சாயங்காலம் ஒரு பொய், ராத்திரி ஒரு பொய், மறுநாள் காலையில எத சொல்றது? அவ அன்னிக்கு ஸ்டுடியோவுல கேட்டது எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. வாசலுக்கு வெளிய அவங்க அப்பா துண்ட கையில சுத்திக்கினு நிக்கறாரு, மூஞ்சியில ரத்தமே இல்ல. மாப்பிள்ளை வாசப்படி கிட்ட சுவத்தப் பாத்துக்கினு நிக்கறாரு.

வசந்தா சொம்ப கையில வாங்கிட்டா. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா.

"காலையிலேர்ந்து அவரு இந்த மூஞ்சிய ஒரு தடவதான்க்கா பாத்தாரு. புடிக்காத மூஞ்சி நின்னா இன்னா, போனா இன்னா?"

அப்பறம் திரும்பி மாமியாரப் பாத்து, "அத்த, சோப்பு கீதா?"ன்னு கேட்டா.

சோப்பு வந்துச்சு. தொளசி மாடத்து ஓரமா குனிஞ்சு, அவ கழுவுனா பாருங்க கழுவல், அத்தன நாளு தொடாம இருந்ததுக்கெல்லாம் சேத்து தேச்சா. என் பான்கேக்கு சந்தனக் கலர்ல ஓடி மண்ணுல எறங்குது. நா இடுப்புல போட்டிருந்த பின்ன கழட்டி முந்தானைய எடுத்து குடுத்தேன். தொடச்சுக்கினு நிமிந்தா. செவந்து போயி, தண்ணி சொட்டிக்கினு, ரெண்டு கன்னத்துலயும் தழும்போட அவ மூஞ்சி.

மாப்பிள்ளை திரும்பனாரு. அவரப் பாக்க எனக்கு தைரியம் இல்ல, ஆனா பாக்காமயும் இருக்க முடியல. அவரு ரெண்டு அடி முன்னால வந்தாரு. சுத்தி எல்லாரும் நிக்கறத மறந்துட்டாரு.

"நீதானா?"ன்னாரு.

யாருக்கும் ஒண்ணும் புரியல. வசந்தாவுக்கும்தான். "பார்வேட்டை அன்னிக்கு வளையல் கடையில ஒக்காந்துகினு இருந்தது நீதான? வளையல் ஏறலன்னு கைய பின்னால இழுத்துக்கினு சிரிச்சுக்கினு இருந்தது?"ன்னு கேட்டாரு. அவ ஆமான்னு தல ஆட்டனா. அவரு அப்படியே வாசப்படியில ஒக்காந்துட்டாரு.

அப்பறம்தான் விஷயம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. போன வருஷ லீவுல பொங்கல் முடிஞ்சு பார்வேட்டை திருவிழாவுக்கு திருமுக்கூடல் வந்தப்ப அவள பாத்திருக்காரு. பேரு தெரியாது. யாரு வூட்டுப் பொண்ணுன்னு கடைக்காரர கேட்டதுக்கு களத்துமேட்டு வூடுன்னு சொல்லியிருக்காரு. இவரு அம்மா கிட்ட வந்து, கட்டனா அந்த வூட்டுப் பொண்ணதான்னு சொல்லிட்டு வடக்க போயிட்டாரு. அம்மாவும் மூத்தவரோட பொண்ணுன்னு வசந்தாவுக்கு பூ வெச்சுட்டாங்க, அப்பறம் போட்டோ போச்சு. பாத்தா கன்னத்துல ஒரு தழும்பு கெடையாது. அந்த வூட்ல ரெண்டு பொண்ணு இருக்கறது வூட்டு லெட்டர்ல தெரிஞ்சதும், அம்மா மாத்தி பேசி முடிச்சிட்டாங்கன்னு நெனச்சுட்டாரு. லெட்டர்ல எப்படி கேப்பாரு, தழும்பு இருக்கற பொண்ணுதான் வேணும்னு? வாக்கு குடுத்தாச்சு, பூ வெச்சாச்சு, ஒரு பொண்ணு வாழ்க்கைன்னு சரின்னு எழுதிட்டாரு. கோயில்ல மணையில பளிங்கு மூஞ்சியப் பாத்ததும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சாம். கூட்டத்துல அவள ஒரு தடவையாச்சும் பாத்துடணும்னுதான் வரிசை வரிசையா தேடியிருக்காரு. பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தவளத்தான் தேடிக்கினு இருந்திருக்காரு, பாவம்.

"தழும்பு கீதுன்னு நீ ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதாம்மா?"ன்னு அவங்க அம்மாவ கேட்டாரு. அவங்களுக்கு கேள்வியே புரியல. "அதுல எழுதறதுக்கு இன்னாடா கீது?"ன்னாங்க. அப்பறம் மாப்பிள்ளை எழுந்து எங்க வூட்டுக்காரர் கிட்ட வந்து, கோவமே இல்லாம, தெரிஞ்சுக்கணும்ன்ற மாதிரிதான் கேட்டாரு, "அப்ப போட்டோல இருந்தது யாரு சார்?" எல்லாரும் எங்க ரெண்டு பேரையும் திரும்பிப் பாத்தாங்க. எங்க வூட்டுக்காரரு கேமராவ தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கினாரு. அதுக்குள்ள வசந்தாவுக்கு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சு சிரிச்சு அழுகையா மாறிடுச்சு, மாமியாரு எதுக்கு அழுவறன்னு தெரியாம தண்ணி குடுக்கறாங்க. நானும் அழுதேன். என் முந்தானையில என் மூஞ்சிய நல்லா அழுத்தி தொடச்சுக்கினேன்.

சாயங்காலம் பந்தல்ல ஒக்கார்றதுக்கு முன்னால வசந்தா என் பெட்டிய தொறக்கச் சொன்னா. கண்ணுக்கு மை, நெத்திக்கு பொட்டு, அவ்ளோ போதும்னா. வச்சு வுட்டேன். அது ராத்திரி சாப்புட்ட எல எடுக்கற வரைக்கும் நின்னுச்சு, நா அதுக்கு ஒரு வேலையும் பண்ணல. மாப்பிள்ளை கூட்டத்துப் பக்கம் திரும்பவே இல்ல.

அன்னிலேர்ந்து எந்தப் பொண்ணு வந்தாலும் நா பெட்டிய தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன். உன்ன கட்டிக்கப் போறவரு ஒன் மூஞ்சில எதப் பாத்து சரின்னாருன்னு உனக்கு தெரியுமா? சில பேரு தெரியாதும்பாங்க, சில பேரு வெக்கப்பட்டுக்கினு மூக்கையோ மச்சத்தையோ காட்டுவாங்க. காட்டுனத நா தொட மாட்டேன். மத்தத எவ்ளோ வேணா பூசுவேன், நாளு பூரா நிக்கவும் வெப்பேன், அதுல எனக்கு யாரும் ஈடு கெடையாது. நீங்களும் கேளுங்க. இதக் கேக்க ஒரு நிமிஷம் கூட ஆவாது. எங்க வூட்டுக்காரரும் அதுக்கப்பறம் பென்சில எடுக்கறதுக்கு முன்னாடி 'தொடட்டுமா?'ன்னு கேக்க ஆரம்பிச்சாரு. பாதி பேரு வேணாம்னாங்க, அது அவருக்கு கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

லீவு முடிஞ்சு கெளம்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளையும் வசந்தாவும் கல்யாண போட்டோ வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. வாசல்ல மூஞ்சி கழுவி நிமிந்தப்ப எங்க வூட்டுக்காரரு ஒண்ணு எடுத்திருந்தாரு போல, எனக்கே தெரியாது. தண்ணி சொட்டற அந்த போட்டோவதான் மாப்பிள்ளை மொதல்ல எடுத்து சட்டைப் பையில வெச்சுக்கினாரு. அப்பறம் அதே பையிலேர்ந்து அந்தப் பழைய போட்டோவ உருவி மேசை மேல வெச்சாரு. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. இத நீங்களே வெச்சுக்கங்க, வேற பொண்ணு போட்டோ பையில இருந்தா வூட்ல பேஜாருன்னாரு. பின்னால வசந்தா முந்தானையால வாய பொத்திக்கினு சிரிக்கறா.

எங்க வூட்டுக்காரரு அத எடுத்து, கண்ணாடிய தூக்கி வுட்டுக்கினு, வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு பாத்தாரு. "நல்ல வேலதான் பண்ணியிருக்கேன்" அப்படின்னாரு.

"நல்ல வேலதான் சார்"னாரு மாப்பிள்ளை. "பொண்ணுதான் இல்ல."